திங்கட்கிழமைக் குலுக்கல்

ஸ்டெபிலிட்டி பிரிவில் புதிதாகச் சேர்ந்திருப்பவர்களுக்காக ஏதாவது எழுதிக் கொடுங்கள் மேடம் என்று கேட்டீர்கள். ஒரு கடிதம், அதன் பின்னாலேயே மூன்று நினைவூட்டல்கள். உங்கள் சீனியர்கள் இதே வேகத்தில் எனக்கு அறிக்கைகளைத் தந்திருந்தால் நான் இன்னும் கொஞ்சம் கறுப்பு முடியோடு ஓய்வு பெற்றிருப்பேன்.

எழுதும் எண்ணமே எனக்கு இல்லை. போன மாதம் ஆய்வகத்தைச் சுற்றிப் பார்க்க அழைத்தீர்களே, அன்றைக்குத்தான் மனம் மாறியது. உங்களில் ஒருவர், மருந்துகளை மாதக்கணக்கில் வைத்துப் பார்க்கும் சேம்பரைத் திறந்து ஒரு குப்பியை எடுத்தார். எடுத்தவர் அதைப் பார்க்கவில்லை, லேபிளைப் படிக்கவில்லை. முதல் வேலையாக இரண்டு குலுக்குக் குலுக்கினார். யார் என்று காட்டிக்கொடுக்க மாட்டேன். நீலச் சட்டை போட்டிருந்தார், அவ்வளவுதான் சொல்வேன்.

நீலச் சட்டைக்காரரே, வெட்கப்பட வேண்டாம். அதே காரியத்தை உங்களைவிட நேர்த்தியாக, வாரம் தவறாமல், பதவியோடும் கையெழுத்தோடும் செய்த ஒருத்தி இதே கட்டடத்தில் இருந்தாள். அவளைப் பற்றித்தான் எழுதப்போகிறேன். அவளுக்கு இப்போது வயது அறுபத்து மூன்று, மேற்கு மாரெட்பள்ளியில் குடியிருக்கிறாள்.

நான் இங்கே வருவதற்கு முன்னால் குழந்தைகளுக்கான சிரப் செய்யும் தொழிற்சாலையில் பதினைந்து வருடம் இருந்தேன். நாங்கள் செய்த சிரப்புகளில் பலவற்றில் மருந்து முழுக்கக் கரையாது. தூளாக மிதக்கும், சும்மா வைத்தால் அடியில் போய் உட்காரும். ‘நன்றாகக் குலுக்கிய பின் பயன்படுத்தவும்’ என்று புட்டியில் அச்சடித்திருப்பது அதனால்தான். அங்கே எங்கள் மேற்பார்வையாளராக இருந்தவர், ஒவ்வொரு திங்கட்கிழமையும் சாம்பிள் தட்டுகளை எல்லாம் தலைகீழாகக் கவிழ்த்து நிமிர்த்தச் சொல்வார். விட்டால் அடியில் இருப்பது இறுகிப்போகும் என்பது அவர் கட்சி. நான் எதையும் கேட்காமல் கவிழ்த்தேன், நிமிர்த்தினேன். பதினைந்து வருடத்தில் அந்த வேலை மூளையை விட்டு இறங்கி என் வலது மணிக்கட்டில் குடியேறிவிட்டது. வீட்டில் மோரையும் தக்காளி சாஸையும் தலைக்குத் தேய்க்கும் எண்ணெயையும் குலுக்கித்தான் திறப்பேன். நான் நீட்டும் காபி டம்ளரை என் கணவர் இரண்டு கையாலும் பிடித்து வாங்குவார்.

அப்படிப்பட்ட மணிக்கட்டோடு இந்த நிறுவனத்துக்கு வந்தேன். இங்கே என்னிடம் கொடுத்த சரக்கு வேறு.

உங்களுக்குத் தெரிந்ததுதான் என்றாலும், நேற்றுச் சேர்ந்தவர்களுக்காக இரண்டு வரி. மிகமிகச் சிறிய இரும்பு ஆக்சைடு துகள்கள், பக்கத்தில் காந்தத்தைக் கொண்டுவந்தால் மட்டும் காந்தமாக நடந்துகொள்பவை. அவற்றைச் சும்மா விட்டால் ஒன்றோடொன்று ஒட்டிக்கொண்டு கட்டியாகிவிடும். அதனால் ஒவ்வொரு துகளுக்கும் டெக்ஸ்ட்ரான் என்ற சர்க்கரை வகைப் பொருளால் ஒரு சட்டை போட்டு விடுகிறோம். சட்டை ஒழுங்காக இருக்கும்வரை துகள்கள் திரவத்தில் மிதந்துகொண்டே இருக்கும், அடியில் உட்காராது. பார்க்க டிகாஷன் மாதிரி இருக்கும். சட்டை கழன்றால் போச்சு. அந்தச் சட்டை கழல்கிறதா என்று வருடக்கணக்கில் வேவு பார்ப்பதற்குத்தான் உங்களுக்கும் எனக்கும் சம்பளம்.

அந்த மருந்து மார்பகப் புற்றுநோய் வந்தவர்களுக்கானது. கட்டிக்குப் பக்கத்தில் ஊசியாகப் போட்டால், துகள்கள் நிணநீரோடு மெதுவாகப் பயணம் செய்து அக்குளில் இருக்கும் முதல் நிணநீர்க் கணுவில் போய்த் தங்கும். அறுவை மருத்துவர் காந்தக் கருவியை வைத்து அந்த ஒரு கணுவைக் கண்டுபிடித்து எடுத்து, நோய் அங்கே வந்திருக்கிறதா என்று பார்ப்பார். வரவில்லை என்றால் மற்ற கணுக்களைத் தொட வேண்டியதில்லை. முதல் கணு எது என்று தெரியாமல் போனால் பல கணுக்களை எடுக்க நேரும், அப்படி எடுத்தவர்களில் சிலருக்குக் கை வீங்கிக் கனத்துப்போகும். எங்கள் துகள் கட்டியாகிவிட்டால் ஊசி போட்ட இடத்தை விட்டு நகராது.

எல்லா அனுமதியும் கிடைத்து, நகரத்தில் ஒரு மருத்துவமனையில் முதல் நோயாளியைத் தேர்ந்தெடுத்திருந்தார்கள். அறுவை மருத்துவர் ஒரு பெண்மணி. கடைசிக் கூட்டத்தில் எல்லாரும் படமும் வரைபடமும் காட்டி முடித்த பிறகு அவர் சொன்னார்: “என் பேஷண்ட் போவன்பள்ளி மார்க்கெட்டில் காய்கறி வியாபாரம் செய்பவர். நீங்கள் சொன்ன எதையும் அவர் கேட்கவில்லை. ஒரே ஒரு கேள்விதான் கேட்டார். ஆபரேஷனுக்குப் பிறகு இந்தக் கையால் தக்காளி கிரேட்டைத் தூக்க முடியுமா என்று.”

எங்கள் கம்பெனி பஸ் தினமும் மாரெட்பள்ளியில் என்னை ஏற்றிக்கொண்டு போவன்பள்ளி மார்க்கெட் வழியாகத்தான் போகும். காய்கறி லாரிகளுக்குப் பின்னால் கால் மணி நேரம் நிற்பது எங்கள் அன்றாடக் கடமை. அந்தக் கூட்டத்துக்குப் பிறகு, சன்னலுக்கு வெளியே கிரேட் பெட்டி தூக்கும் ஒவ்வொரு பெண்ணையும் பார்த்து, இவராக இருக்குமோ என்று நினைக்க ஆரம்பித்தேன்.

இப்போது என் ஆய்வகம். மொத்தம் இரண்டு பேர். நானும் இம்தியாஸும். இம்தியாஸ் பழைய நகரத்துக்காரர், கை சுத்தமான வேலைக்காரர், சொன்னதைச் சொன்னபடி செய்வார். அவருக்கு நான்தான் திங்கட்கிழமைப் பழக்கத்தைக் கற்றுக்கொடுத்தேன். வாரத்தின் முதல் வேலையாக சேம்பரைத் திறந்து எல்லாத் தட்டுகளையும் கவிழ்த்து நிமிர்த்துவது. இது எங்கள் செய்முறைத் தாளில் எங்கும் இல்லை. எழுத வேண்டும் என்று எனக்குத் தோன்றவும் இல்லை. காலையில் பல் தேய்ப்பதை யாராவது எழுதி வைப்பார்களா?

மாதாமாதம் குப்பிகளை எடுத்து, இன்னொரு முறை குலுக்கி, துகளின் அளவைச் சொல்லும் இயந்திரத்தில் வைப்போம். அளவு மாறவே இல்லை. மாதங்களை வரிசையாக வைத்து நான் போட்ட வரைபடம் மேசை விளிம்பு மாதிரி நேராக இருந்தது. அதைப் பெரிதாக அச்சடித்து என் இருக்கைக்குப் பின்னால் ஒட்டியிருந்தேன். அறைக்கு வருபவர்கள் என் முகத்தையும் அந்தக் கோட்டையும் சேர்த்துத்தான் பார்க்க முடியும். பெருமைதான், மறைப்பானேன்.

எங்கள் குடும்பம் வேலூர்ப் பக்கத்திலிருந்து செகந்திராபாத்துக்கு வந்து நான்கு தலைமுறை ஆகிறது. என் தமிழில் ஊர்த் தமிழ் கொஞ்சம், தெலுங்கு கொஞ்சம், இந்த நகரத்து உருது கொஞ்சம். ‘வேண்டாம்’ என்று சொல்ல வாயெடுத்தால் ‘நக்கோ’ என்றுதான் வரும். ‘ஏன்’ என்பதற்கு ‘கைக்கு’ வரும். இந்த இரண்டு சொற்களையும் நினைவில் வைத்துக்கொள்ளுங்கள். பின்னால் பரீட்சை இருக்கிறது.

பின்னால் மருத்துவமனைக்குப் போன அதே தொகுதியிலிருந்து ஒரு தட்டுக் குப்பிகளைத் தனியாக எடுத்து, எதிர்பாராத தேவைக்கு என்று சேம்பரின் மேல் தட்டில் வைத்திருந்தேன். எங்காவது ஒரு குப்பி உடைந்தால் இம்தியாஸ் அதிலிருந்து எடுத்து இட்டு நிரப்பிவிடுவார். ஒருநாள் கோபம் வந்து, கையில் கிடைத்த தாளில் கொட்டை எழுத்தில் ‘நக்கோ’ என்று எழுதித் தட்டில் ஒட்டினேன். தமிழ் எழுத்தில் எழுதினேன். ஆய்வகத்தில் என்னைத் தவிரத் தமிழ் படிக்கத் தெரிந்தவர் யாரும் கிடையாது. அதாவது, தொடாதே என்று எனக்கு நானே நோட்டீஸ் ஒட்டிக்கொண்டேன்.

இம்தியாஸ் அதை உற்றுப் பார்த்து, “க்யா லிக்கே மேடம்?” என்று கேட்டார். நக்கோ என்று எழுதியிருக்கிறேன் என்றேன். விழுந்து விழுந்து சிரித்தார். பிறகு முகத்தைச் சரிசெய்துகொண்டு, “மேடம் நக்கோ போலே தோ நக்கோ” என்றார். மேடம் வேண்டாம் என்று சொன்னால் வேண்டாம்தான் என்று அர்த்தம். சொன்னால் சொன்னபடி செய்பவர் என்று சொன்னேன் அல்லவா? அன்று முதல் அந்தத் தட்டை அவர் திங்கட்கிழமைகூடத் தொடவில்லை. அது எனக்குத் தெரியாது.

ஏறக்குறைய ஒரு வருடம் கழித்து ஜெபா வந்து சேர்ந்தாள். திருநெல்வேலிப் பக்கத்துப் பெண், படிப்பு முடித்த கையோடு வந்தவள், சைனிக்புரியில் ஒரு வீட்டு மாடியில் தங்கியிருந்தாள். முதல் நாளே பஸ்ஸைத் தவறவிட்டுவிட்டு மூச்சிரைக்க வந்து நின்றாள். “கைக்கு பா லேட்டு?” என்று கேட்டேன். அவள் தன் இரண்டு கைகளையும் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு, “கைக்கு ஒண்ணும் இல்ல மேடம், பஸ்ஸுதான் போயிட்டு” என்றாள். என் தமிழுக்கும் அவள் தமிழுக்கும் நடுவில் ஒரு மொழிபெயர்ப்பாளர் தேவை என்று அன்றைக்கே புரிந்தது.

அவள் சேர்ந்த இரண்டாம் வாரம். அன்று பிற்பகல் மூன்று மணிக்கு அந்தக் காய்கறிக்கார அம்மாவுக்கு எங்கள் மருந்தை ஊசியாகப் போடப்போகிறார்கள், மறுநாள் காலை அறுவை சிகிச்சை. எனக்குக் காலையிலிருந்தே நிலைகொள்ளவில்லை. மகள் கல்யாணத்தன்று இருந்த மாதிரிதான் இருந்தேன் என்று வைத்துக்கொள்ளுங்கள். பத்தரை மணி இருக்கும், ஜெபா வந்து நின்றாள்.

“மேடம், ஒண்ணு கேக்கணும். ஏசக் கூடாது.”

“கேளு.”

“மூணு நாளா யோசிச்சு பாத்துட்டேன். மேல் தட்டுல ‘நக்கோ’ன்னு எழுதிப் போட்டிருக்கே, அது யார நக்கச் சொல்லுது?”

அன்றைக்கு நான் சிரித்த சிரிப்பில் பக்கத்து அறைக்காரர்கள் எட்டிப் பார்த்தார்கள். கண்ணைத் துடைத்துக்கொண்டு, நக்கோ என்றால் வேண்டாம், தொடாதே என்று பாடம் எடுத்தேன். அவள் சிரிக்கவில்லை.

“அப்ப இத யாருமே தொடலியா மேடம்?”

“இம்தியாஸ்கிட்ட கேளு.”

இம்தியாஸ் நிமிர்ந்து நின்று, “ஹவ் மேடம், ஹாத் பீ நை லகாயா” என்றார். ஆமாம், கைகூட வைக்கவில்லையாம்.

“அதான் இப்பிடிக் கெடக்கு” என்று ஜெபா ஒரு குப்பியை என் முன்னால் நீட்டினாள். குலுக்காமல், மெதுவாகச் சாய்த்துப் பிடித்திருந்தாள். கரிய திரவம் ஒரு பக்கம் ஒதுங்கியது. அது விலகிய இடத்தில், கண்ணாடியின் அடியில், காய்ந்த டிகாஷன் கறை மாதிரி ஒரு படலம் ஒட்டிக்கொண்டிருந்தது. “எதை நக்கணும்னு பாக்கத்தான் மேடம் எடுத்தேன்” என்று மெல்லிய குரலில் சேர்த்துக்கொண்டாள்.

இங்கே நான் செய்ததை அப்படியே சொல்கிறேன், நீங்கள் சிரிக்கலாம். குப்பியை அவள் கையிலிருந்து வாங்கினேன். வாங்கிய அடுத்த நொடி குலுக்கிவிட்டேன். நான் குலுக்கவில்லை, மணிக்கட்டுக் குலுக்கியது. படலம் காணாமல் போனது. அதை அப்படியே இயந்திரத்தில் வைத்தேன். பழைய அளவு, அச்சு அசலாக வந்தது. “பாத்தியா? ஒண்ணும் இல்ல. சும்மா படிஞ்சிருக்கு, குலுக்கினா சரியாயிடுது” என்றேன். குரலில் என்ன ஒரு நிம்மதி!

ஜெபா என்னையும் இயந்திரத்தையும் மாறி மாறிப் பார்த்தாள். “குலுக்குனா சரியாவுது மேடம். ஊசி போட்ட பொறவு உள்ள போயி யாரு குலுக்குவா?”

எனக்குக் கோபம் வந்தது. இரண்டு வாரம் ஆன பெண் என்னிடம் ஸ்டெபிலிட்டி பேசுகிறாள் என்று கோபம். பதில் சொல்ல வாயைத் திறந்தேன். அப்போதுதான் புரிந்தது. சிரப்பில் அடியில் படிவது அதன் சுபாவம், குலுக்குவது சரியான காரியம். ஆனால் சட்டை போட்ட துகளுக்கு அடியில் போய் உட்காரும் சுபாவமே கிடையாது. அது உட்கார்ந்துவிட்டது என்றால் சட்டை கழன்றுவிட்டது, துகள்கள் ஒட்ட ஆரம்பித்துவிட்டன என்றுதான் அர்த்தம். இதை நானே மேடையேறிப் பலருக்குச் சொல்லிக்கொடுத்திருக்கிறேன். சொல்லிக்கொடுத்துவிட்டு வந்து, வாரம் தவறாமல் குலுக்கி, ஒட்டியதை எல்லாம் தற்காலிகமாகப் பிரித்துவிட்டு, பிரிந்த அளவை எடுத்து வரைபடமாக ஒட்டி வைத்திருக்கிறேன்.

“இம்தியாஸ், மத்தத் தட்டெல்லாம் ஒவ்வொரு திங்கக்கிழமையும் குலுக்கினீங்களா?”

“ஹவ் மேடம்” என்றார் பெருமையாக. “ஏக் பீ மண்டே நை சோடா.” ஒரு திங்கட்கிழமையைக்கூட விடவில்லை. ஒருமுறை பண்டிகை திங்கட்கிழமையில் வந்துவிட்டதென்று ஞாயிற்றுக்கிழமையே வந்து குலுக்கிவிட்டுப் போனாராம். அவரை நான் எப்படித் திட்டுவது? என்னைவிட நல்ல மாணவர் எனக்குக் கிடைத்திருந்தார், அதுதான் பிரச்சினை.

மணி பதினொன்று. ஒன்றை மட்டும் பார்த்துவிட முடிவு செய்தோம். இப்போது குலுக்கி அளந்த அதே சாம்பிளை இயந்திரத்துக்குள்ளேயே விட்டுவிட்டு, ஒரு மணி நேரம் யாரும் தொடாமல், பத்து நிமிடத்துக்கு ஒருமுறை அளப்பது. சட்டை நன்றாக இருந்தால் அளவு அப்படியே நிற்கும். நான் கைகளைப் பின்னால் கட்டிக்கொண்டு நின்றேன். என் வாழ்க்கையில் நான் பார்த்த மிகக் கடினமான வேலை அந்த ஒரு மணி நேரம் சும்மா நின்றது. மூன்றாவது அளவில் எண் கொஞ்சம் ஏறியது. நான்காவதில் இன்னும் ஏறியது. ஐந்தாவதை ஜெபா வாய்விட்டுப் படிக்கவில்லை, திரையை என் பக்கம் திருப்பி வைத்தாள்.

மருத்துவமனைக்குப் போன குப்பிகள் மூன்று மாதமாக அங்கே ஓர் அலமாரியில் சும்மா இருக்கின்றன. அங்கே திங்கட்கிழமை என்று ஒன்று கிடையாது.

எங்கள் இயக்குநர் அறைக்குப் போனேன். இப்போதைய இயக்குநர் இல்லை, அவருக்கு முன்னால் இருந்தவர். தெலுங்கர், சென்னையில் படித்ததால் என்னிடம் தமிழில்தான் பேசுவார். கெட்ட மனிதர் இல்லை, நீங்கள் அப்படி நினைத்துவிடக் கூடாது. நான் சொன்னதை முழுக்கக் கேட்டுவிட்டு, “குலுக்கினா சரியாயிடுதுன்னு நீங்களே சொல்றீங்க. நர்ஸுக்கு ஒரு போன் போட்டு, எடுக்கறதுக்கு முன்னாடி நல்லா ஷேக் பண்ணுங்கன்னு சொல்லிடலாமே?” என்றார்.

எவ்வளவு அழகான யோசனை பாருங்கள். ஒரே ஒரு போன். யாருக்கும் கெட்ட பெயர் இல்லை. என் நேர்கோடு சுவரிலேயே இருக்கும். மருத்துவமனைக்குப் போன மருந்தும் ஆய்வகத்தில் அளந்த மருந்தும் ஒரே மாதிரி குலுக்கப்பட்டவை என்று நெஞ்சில் கை வைத்துச் சொல்லலாம். உண்மையைச் சொல்கிறேன், அந்த அறையில் ஒரு நிமிடம் நான் அந்த யோசனைக்குத் தலையாட்டத் தயாராக இருந்தேன். பயமும் இருந்தது. ஒரு வருட அறிக்கைகள் ஒவ்வொன்றிலும் என் கையெழுத்து இருந்தது, அதை அவரும் எனக்கு நினைவுபடுத்தினார்.

“குலுக்கினா ஒரு மணி நேரம் தாங்காது சார்” என்றேன். “அது அக்குளுக்குப் போய்ச் சேர அதுக்கு மேல ஆகும்.”

“தாங்கலாமில்ல? ஷ்யூரா தெரியுமா?”

“தெரியாது.”

இதைத்தான் நீங்கள் கவனிக்க வேண்டும். எனக்குத் தெரியாது. ஒரு படலம், ஒரு மணி நேரத்து எண்கள், அவ்வளவுதான் என் கையில். நிச்சயமாகத் தெரிய வேண்டுமானால் இன்னும் பல வாரம் வேண்டும், மூன்று மணிக்கோ இரண்டரை மணி நேரம்தான் இருந்தது. தெரியாது என்ற நிலையில் யாருடைய நஷ்டம் திருத்தக்கூடியது என்று யோசித்தேன். என் கோட்டை மறுபடியும் போட்டுக்கொள்ளலாம். எடுத்த கணுவைத் திரும்ப வைக்க முடியாது. இயக்குநர் முன்னாலேயே மருத்துவருக்கு போன் போட்டேன். அவர் தடுக்கவில்லை, நாற்காலியைச் சன்னல் பக்கம் திருப்பிக்கொண்டார்.

மருத்துவர் தெலுங்கும் ஆங்கிலமுமாகப் பேசியதைத் தமிழில் தருகிறேன். “இதை இப்போதுதான் கண்டுபிடித்தீர்களா?” என்றார்.

“ஆமாம்.”

“எப்படிக் கண்டுபிடித்தீர்கள்?”

நக்கோ கதையை அவரிடம் நான் சொல்லவில்லை. “நாங்கள் தப்பாகப் பார்த்துக்கொண்டிருந்தோம். நான்தான் அப்படிப் பார்க்கச் சொன்னேன்” என்றேன். எனக்கு அழுகை வந்தது, போனில் தெரியாது என்பதால் வரட்டும் என்று விட்டுவிட்டேன்.

“இப்போது சொன்னீர்களே, அது போதும்” என்றார் அவர். “பழைய முறையில் நீலச் சாயம் வைத்துப் பார்த்துக்கொள்கிறேன். அதற்கு ஏற்பாடு செய்ய எனக்கு நேரம் இருக்கிறது. நாளைக் காலை அவரை மேசையில் படுக்க வைத்த பிறகு காந்தம் மௌனமாக இருந்திருந்தால், எனக்கு நேரம் இருந்திருக்காது.”

அதற்குப் பிறகு நடந்தது வேடிக்கை. நான்கு நாள் கழித்து மருத்துவமனையிலிருந்து குப்பிகள் எல்லாம் ஓர் ஆட்டோவில் திரும்பி வந்தன. நம் நகரத்துச் சாலை, நம் நகரத்து ஆட்டோ. வழியெங்கும் குலுங்கி வந்த குப்பிகளில் படலத்தின் அடையாளமே இல்லை. இயக்குநர் ஒவ்வொன்றாகச் சாய்த்துப் பார்த்துவிட்டு, “ஒண்ணுமே இல்லையே மேடம்” என்றார். அந்த ஆட்டோக்காரர் எங்கள் பிரிவில் வேலைக்குச் சேரத் தகுதியானவர். நான் குப்பிகளை சேம்பரில் வைத்தேன். இந்த முறை நான் தமிழில் நக்கோ என்று எழுதினேன், கீழே ஜெபா தெலுங்கில் எழுதினாள், அவள் தெலுங்கில் பிழை இருந்ததால் இம்தியாஸ் அதைத் திருத்தி, உருதுவிலும் சேர்த்தார். ஐந்து திங்கட்கிழமைகள் மூன்று பேரும் கையைக் கட்டிக்கொண்டு இருந்தோம். ஆறாவது திங்கட்கிழமை ஜெபா ஒரு குப்பியைச் சாய்த்தாள். படலம் இருந்தது. நான் சொன்னது சரியாகப் போனதில் எனக்கு மகிழ்ச்சி இல்லை. கொஞ்சம் இருந்தது, பொய் சொல்வானேன்.

சுவரில் இருந்த நேர்கோட்டை நானே கிழித்தேன். அந்தத் திட்டம் நின்றுபோனது. சட்டை கழலாதபடி இறுக்கிப் போடுவது எப்படி என்று முதலிலிருந்து ஆரம்பித்தார்கள். இப்போது நீங்கள் பார்க்கும் மருந்து அப்படி வந்ததுதான். செய்முறைத் தாளின் முதல் வரியில் ‘குப்பியை அசைக்காமல், சாய்த்துப் பார்க்கவும்’ என்று இருக்கிறது அல்லவா? அதை எழுதியவள் ஜெபா. அந்த ஒரு வரியைத்தான் நீலச் சட்டை படிக்கவில்லை.

நீங்கள் கற்ற முறைகளை நான் குறை சொல்லவில்லை, அவை எல்லாம் எழுதப்பட்டவை, யாராவது சரிபார்ப்பார்கள். எழுதாமல் கை தானாகச் செய்வதுதான் ஆபத்து. உங்களிடமும் ஒரு திங்கட்கிழமைக் குலுக்கல் இருக்கும். இயந்திரத்தில் வைப்பதற்கு முன்னால் வடிகட்டுவதாக இருக்கலாம், சரியில்லாத முதல் அளவை ‘இயந்திரம் சூடாகவில்லை’ என்று விட்டுவிடுவதாக இருக்கலாம். உங்களால் அதைக் கண்டுபிடிக்க முடியாது, நான் பதினைந்து வருடம் கண்டுபிடிக்கவில்லை. புதிதாக வருபவர்தான் கண்டுபிடிப்பார். அவர் கேட்கும் கேள்வி முட்டாள்தனமாக இருக்கும். தாராளமாகச் சிரியுங்கள், நானும் சிரித்தேன். சிரித்து முடித்ததும் அவர் கையில் என்ன வைத்திருக்கிறார் என்று பாருங்கள்.

அந்தத் திட்டம் நின்றுபோய் இரண்டு மாதம் இருக்கும். ஒரு காலை நானும் ஜெபாவும் பஸ்ஸில் வந்துகொண்டிருந்தோம், வழக்கம்போல போவன்பள்ளியில் ஒரு தக்காளி லாரிக்குப் பின்னால் மாட்டிக்கொண்டு நின்றோம். அதற்கு முந்தின வாரம்தான் மருத்துவர் என்னிடம் பேசியிருந்தார். சாயம் சரியாகக் காட்டிக்கொடுத்ததாம், ஒரே ஒரு கணுவைத்தான் எடுத்தார்களாம், அதில் நோய் இல்லையாம். அந்த அம்மா வேண்டாம் என்று சொல்லச் சொல்ல மார்க்கெட்டுக்குத் திரும்பிவிட்டார் என்று குறைபட்டுக்கொண்டார். இதை நான் யாரிடமும் சொல்லியிருக்கவில்லை.

ஜெபா அதற்குள் இந்த ஊர்ச் சொற்களை ஒவ்வொன்றாகப் பொறுக்கிக்கொண்டிருந்தாள், பயன்படுத்திப் பார்க்க இடம் தேடிக்கொண்டிருப்பாள்.

“மேடம், அன்னைக்கு சார் சொன்ன மாதிரி நர்ஸ குலுக்கச் சொல்லியிருந்தா ஒருத்தருக்கும் தெரிஞ்சிருக்காதுலா? ரெண்டு வருச வேல மேடம், அவ்வளவும் போச்சு.” பிறகு, புதுச் சொல்லைச் சரியாகப் போடுகிறோமா என்று என் முகத்தைப் பார்த்துக்கொண்டே கேட்டாள்: “கைக்கு மேடம் அந்த போனப் போட்டீங்க?”

சன்னலுக்கு வெளியே ஒரு பெண் தக்காளி கிரேட்டை இரண்டு கையாலும் தூக்கித் தள்ளுவண்டியில் வைத்துக்கொண்டிருந்தார். அவராக இருக்க வாய்ப்பில்லை. இருந்தாலும் அவர் அதை வைத்து முடிக்கும்வரை பார்த்துக்கொண்டிருந்தேன்.

“கைக்குத்தான் ஜெபா” என்றேன்.